கொள்ளாத கையும் கொடுக்கும் முறையும்

தாம்பரத்திற்கு அணித்தே, குரோம்பேட்டையை அடுத்துள்ள அஸ்தினாபுரம், பாரதக் கதையில் குருகுலத்தாரின் தலைநகராய் விளங்கிய பதியின் பெயரைப் பூண்ட ஊராகும். அப்பதியினின்று வெளியேறிய பாண்டவர் பன்னீராண்டு காட்டில் உறைந்தபின், ஓராண்டு தம் பெயரையும் வீரத்தையும் மறைத்துப் பிறர் மனையில் ஊழியம் செய்தனர் என்பதை யாவரும் அறிவர். அப்பெயர் தாங்கிய இவ்வூரிலும், பெயரையும் வீரத்தையும் மறைத்து வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைச் சென்ற மழைக்காலத்தில் யானும் என் தோழர் இருவரும் காண நேர்ந்தது. அவருக்கு உதவ முயன்று நாங்கள் தவறியதும், பின்னர்க் கற்றுக்கொண்டதுமே இக்கட்டுரை எழுதக் காரணமாயின.

பேருந்து நிழற்குடை ஒன்றே அவருக்கு இல்லம். அகவை எழுபதைக் கடந்திருக்கும். விடியுமுன் எழுந்து நிழற்குடையைத் தம் கையால் பெருக்குவார், முகம் மழித்துக்கொள்வார், தம் உடைமை முழுதும் அடங்கிய பையொன்றைக் கோணாமல் சுவரோரம் நிறுத்துவார். காசு எறிவாரை நிமிர்ந்தும் நோக்கார். கார்த்திகை மாதத்து மழையில் அவர் நனைந்து உறங்குவதைக் கண்டு, நாங்கள் புதிய கம்பளி ஒன்றை வாங்கிச் சென்று அவர்மீது போர்த்தினோம். அவர் திடுக்கிட்டு விழித்தார், கம்பளியை எடுத்து மூலைக்கு மூலை பொருந்த மடித்தார், “தம்பி, வேண்டுபவர்க்கு இதனைக் கொடுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டா,” என்று திருப்பித் தந்தார். மறுநாள் உணவுப் பொட்டலம் கொண்டு சென்றோம். அதுவும் அங்ஙனமே திரும்பிற்று. தோழருள் ஒருவர் மனம் வெதும்பி, “செருக்கு மிகுந்த பெரியவர், இனி இவரை நாடுதல் வீண்,” என்றார்.

எதிரே தேநீர்க் கடை நடத்துபவரே அவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் பணிபுரிந்தவர் என்பதை எமக்கு உரைத்தார். 1758ஆம் ஆண்டில் தோன்றிய பழம்படை அஃது. அதன் வீரரை ஏனைப் படையினர் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம். எம்மை அவர் தம்பி என்று விளித்தபோது, அச்சொல் ஒருகாலத்தில் அவர்தம் பெயராகவே இருந்தது என்பதை நாங்கள் அறிந்திலோம். அஸ்தினாபுரத்திற்கு வடக்கே பரங்கிமலையில் 1963 முதல் படை அதிகாரிகள் பயிற்றப்படுகின்றனர். தெற்கே தாம்பரத்து வான்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்றுநர் பயிற்சி பெறுகின்றனர். வீரரை ஆக்கும் இவ்விரு நிலையங்களுக்கும் இடையே, ஆக்கப்பட்ட வீரர் ஒருவர் கூரையின்றிக் கிடத்தல் எண்ணத்தக்கதன்றோ?

ஆதலின், படைவீரர் வீடிழப்பது எவ்வாறு, உதவியை அவர் மறுப்பது ஏன், அவருக்கு உதவும் முறை யாது என்னும் மூன்றினையும் ஈண்டு முறையே ஆராய்வாம்.

நம் படையில் சிப்பாயாகச் சேர்வோர் பெரும்பாலும் இருபது அகவையை ஒட்டியவர். நாற்பதை ஒட்டி ஓய்வு பெறுவர். ஏனைத் தொழிலாளர் ஓங்கி நிற்கும் பருவத்தில் இவர் புதுத் தொழில் தேட வேண்டியவராகின்றார். சிப்பாய் முதலியோருக்கு முழு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். அதற்குமுன் விடுவிக்கப்பட்டோருள் பலர் மாதந்தோறும் வரும் பொருளின்றி ஊர் திரும்பினர். 2022இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தின்படி சேர்வோர்க்குப் பணிக்காலம் நான்கே ஆண்டு. நால்வருள் ஒருவர்க்கு மிகாமல் படையில் நிலைபெறலாம். ஏனையோர்க்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. ஆகவே, இப்பொருள் முதியோரை மட்டும் பற்றியதன்று. நம்மொத்த இளைஞரையும் பற்றியது.

ஓய்வூதியம் உடையாரும் முற்றும் அச்சமற்றவர் அல்லர். தாம் உயிருடன் இருப்பதற்கு அவர் ஆண்டுதோறும் சான்று அளித்தல் வேண்டும். முகவரி மாறியோ, நோயுற்றோ, நினைவு தடுமாறியோ அதனைத் தவறவிட்டால் பணம் நின்றுவிடும். பணம் நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் வீடு போம். வீடு போயின் கடிதம் வந்து சேர முகவரி இல்லை. இச்சுழலுள் வீழ்ந்தவர் எளிதில் மீளார்.

பொருள் ஒன்றே காரணமும் அன்று. படையில் உணவு, உடை, உறையுள், மருந்து, துயிலெழும் நேரம் ஆகிய யாவும் பிறரால் வகுக்கப்படுவன. அருகில் இருப்பவன் உயிர்கொடுத்துக் காப்பான் என்னும் நம்பிக்கை அங்கே உண்டு. வெளியுலகில் இவ்விரண்டும் இல்லை. போர்முகத்தில் கண்டவை சிலர்க்கு ஆறாத மனவடுவாகி, உறக்கமின்மையாகவும் திடீர் அச்சமாகவும் சினமாகவும் வெளிப்படுகின்றன. அதனைத் தணிக்க மது, மதுவினால் மனைப்பிரிவு, பிரிவினால் தெரு என இழிநிலை தொடர்கின்றது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு இந்தியாவில் ஏறத்தாழ 17.7 இலட்சம் மக்களை வீடற்றோர் எனக் காட்டிற்று. அத்திரளில் ஒருவராகக் கலந்துவிட்ட வீரரைப் பிரித்தறிதல் அரிது. அவரோ தம்மைக் காட்டிக்கொள்ளார்.

நிற்க. வறுமையுற்ற ஒருவர் வந்த உதவியை ஏன் மறுக்கின்றார்? எம் தோழர் சொன்னதுபோல் அது செருக்கா?

தமிழ் பயில்வார்க்கு இவ்வினா புதிதன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்தில் சிறையிருந்தான். நீர் வேட்டுக் கேட்டபோது காவலர் காலந்தாழ்த்துக் கொடுத்தனர். அந்நீரை அவன் உண்ணாது உயிர்நீத்தான் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டின் குறிப்புக் கூறும். அவன் மறுத்தது நீரையன்று. நீரோடு கலந்துவந்த இகழ்ச்சியையே. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமானைக் காணச் சென்றார். அதியமான் தான் வந்து காணாது பரிசிலை மட்டும் அனுப்பினான். வறுமை வாட்டிய அப்புலவரும் பரிசிலை மறுத்தார். அவர் மறுத்தது பொருளையன்று. தம்மைக் காணாமல் கொடுத்த முறையையே.

இதனையே திருமறையிலும் காண்கின்றோம். சீரியா நாட்டுப் படைத்தலைவனாகிய நாகமான் குஷ்டநோய் தீர எலிசா தீர்க்கதரிசியின் வாயிலை அடைந்தான். தீர்க்கதரிசி வெளியே வந்து அவனைக் காணாமல், யோர்தானில் ஏழுமுறை முழுகுமாறு ஆள்வழிச் சொல்லியனுப்பினார். படைத்தலைவன் கடுங்கோபங்கொண்டு திரும்பினான். நோய் தீர்தலினும் தன்னை ஒருவர் வந்து காணுதல் அவனுக்குப் பெரிதாகத் தோன்றிற்று. நாடும் மொழியும் வேறாயினும், சங்கப் புலவரும் சீரியப் போர்வீரனும் ஒரே காரணத்தால் புண்பட்டனர் என்பது கருதத்தக்கது. நாங்கள் செய்ததும் அதுவேயன்றோ? உறங்குகின்றவர்மீது கம்பளியைப் போர்த்தினோம். பெயரைக் கேட்டிலோம், முகத்தையும் நன்கு நோக்கிலோம்.

மறுப்பதற்கு வேறு காரணங்களும் உள. படைவீரன் பிறரைக் காப்பவன் எனப் பயிற்றப்பட்டவன். காக்கப்படுபவன் ஆவதை அவன் உள்ளம் எளிதில் ஒப்பாது. உண்ட சோற்றுக்குச் செஞ்சோற்றுக்கடன் கழித்தலே வீரன் அறம் என்பது நம் மரபு. கழிக்க வழியில்லாத சோறு அவனுக்குச் சுமையாகின்றது. “என்னிலும் வருந்துவோர் உளர், அவர்க்குச் சேர வேண்டியதை யான் கொள்ளேன்,” என்னும் எண்ணமும் படையில் கற்றதே. அச்சமும் உண்டு. இரத்தலைக் குற்றமாக்கும் சட்டம் நம் மாகாணத்தில் 1945இல் இயற்றப்பட்டது. தெருவில் உறங்குவார்க்கு ‘எம்மோடு வாரும்’ என்னும் அழைப்பு காவலர் அழைப்பாகவே ஒலிக்கும். உதவுவதாகச் சொல்லிக் காகிதங்களை வாங்கிச் சென்று திரும்பாதவரையும், வாங்கும்போது படம் எடுத்துப் பலர்க்கும் காட்டியவரையும் கண்டவர்க்கு ஐயம் தோன்றுதல் இயல்பு. இறுதியாக, யாவற்றையும் இழந்தவர் கையில் எஞ்சிநிற்கும் ஒரே உடைமை ‘வேண்டா’ என்னும் சொல். அதனையும் பறித்தல் உதவியாகாது.

இனி, உதவும் முறையைக் காண்பாம்.

எமக்கு அதனைக் கற்பித்தவர் தேநீர்க் கடைக்காரர். நாங்கள் இரண்டு நாளில் சலித்துவிட்டோம். அவரோ இரண்டு ஆண்டாக அம்முதியவர்க்கு உதவி வந்தார். விடியற்காலையில் கடைக் கதவைத் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று அவரை அழைப்பார், குடத்தில் நீர் நிரப்பச் சொல்வார், “ஐயா, மழை வருமா? பால் கூடுதலாக வாங்கலாமா?” என்று வினவுவார். பின்பு இருவரும் ஒன்றாக அமர்ந்து தேநீரும் இட்டிலியும் உண்பர். உதவி என்னும் பெயரே அங்கு எழுந்ததில்லை. முதியவர் பெற்றது கூலி. கடைக்காரர் பெற்றது துணை. இதனைக் கண்டபின்னரே எம் பிழை எமக்குப் புலனாயிற்று.

இதனினின்று சில நெறிகள் பெறப்படும். முதலாவது, காணுதல் முன்னும் கொடுத்தல் பின்னும் ஆகுக. நின்றுகொண்டு குனிந்து பேசாமல் அவரோடு ஒத்த நிலையில் அமர்தல் வேண்டும். உறங்குவாரைத் தொட்டு எழுப்புதல் கூடாது. போர் கண்டவர்க்கு அது பேரச்சம் விளைக்கும். பெயரையும், எந்தப் படைப்பிரிவினர் என்பதையும் கேட்டல் நன்று. போரில் நிகழ்ந்ததைத் துருவிக் கேட்டல் நன்றன்று.

இரண்டாவது, ‘வேண்டுமா’ என்று கேட்டே கொடுத்தல் வேண்டும். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டு நோயுற்றுக் கிடந்தவனைக் கண்ட நம் ஆண்டவர், குணமாக விரும்புகின்றனையோ என்று முதற்கண் வினவினார். விடை வெளிப்படையாய்த் தோன்றும் இடத்தும் வினவுதல், அவனை ஒரு மனிதனாக மதித்தலாகும்.

மூன்றாவது, தவறாது வருதல். குறித்த நாளில் குறித்த நேரத்தில் வெறுங்கையோடு வருபவர், ஒருநாள் கை நிறையக் கொணர்ந்து பின்பு மறைபவரினும் மேலானவர். நான்காவது, அவரிடமிருந்தும் ஏதேனும் ஒன்றைப் பெறுதல். ஒரு செய்தியாயினும், ஒரு சிறு வேலையாயினும் அமையும். ஐந்தாவது, அவரை ஒத்த ஒருவரைத் துணைக்கு அழைத்தல். நாகமானைத் திருப்பியவர் தீர்க்கதரிசி அல்லர், உடன்வந்த ஊழியரே. அவர் அவனைத் தகப்பனே என அன்போடு அழைத்து, அரிய செயலைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, எளியதைச் செய்யலாகாதோ என்று மெல்ல எடுத்துரைத்தனர். அவனும் இணங்கிக் குணமடைந்தான்.

இந்நெறி தெருவோரத்தில் மட்டுமன்றி அரசியல் முறையிலும் பயன் தந்துளது. அமெரிக்க நாட்டில் சாம் செம்பெரிஸ் என்னும் உளநூல் அறிஞர் 1992இல் நியூயார்க்கு நகரில், வீடற்றோர்க்கு முதலில் வீட்டையே கொடுக்கும் முறையைத் தொடங்கினார். மதுவை விட்டபின் வா, மருந்துண்டபின் வா என்னும் நிபந்தனை அதில் இல்லை. கதவும் பூட்டும் உடைய அறை ஒன்றைப் பெற்றபின், ஏனைய உதவியை அவரவர் விருப்பப்படி நாடலாம். அந்நாட்டரசு வீடற்ற படைவீரர் பொருட்டு இம்முறையை மேற்கொண்டு, வாடகைச் சீட்டும் உடனிருந்து வழிகாட்டுவோரையும் அளித்தது. 2010இல் 74,000க்கு மேற்பட்டிருந்த வீடற்ற படைவீரர் தொகை 2024இல் 33,000க்கும் சற்றுக் குறைந்தது. நிபந்தனையின்றிக் கொடுத்தால் கெடுவர் என்னும் கருத்தை இவ்வெண்கள் ஐயுறச் செய்கின்றன.

உதவியை இரவலாகக் கொடாமல் உரிமையாகக் கொடுத்தலும் இன்றியமையாதது. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நட்டதோடு அமையாது, அவன் வழியினர்க்கு உதிரப்பட்டி என்னும் நிலமும் அளித்தனர். அது பிச்சையன்று, உதிரத்தின் விலை. இலண்டன் மாநகரில் 1682இல் நிறுவப்பட்ட செல்சி மனையில் வாழும் பழம்படையினர், தம் படை ஓய்வூதியத்தை மனைக்கு விட்டுக்கொடுத்து, சிவப்புச் சீருடையணிந்து பெருமிதத்தோடு உலவுகின்றனர்.

நம் நாட்டிலும் முன்னாள் படைவீரர்க்கு உரிமைகள் பல உள. மாவட்டங்கள் பலவற்றில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. அவற்றிற்கு மேல் புதுதில்லியில் மத்திய படைவீரர் வாரியம் உளது. ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் வரையிலான தகுதியுடைய, 65 அகவை நிரம்பிய முன்னாள் வீரர்க்கு வறுமைக்கால உதவித்தொகை வழங்கப்படுகின்றது. திங்கள்தோறும் 4,000 ரூபாயாக இருந்த அத்தொகை 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாளைக் கொடிநாள் எனக் கொண்டாடி நாம் திரட்டும் பொருளும் இத்தகையார்க்கே பயன்படுகின்றது. படையினின்று விலகிய ஆண்டையும் காரணத்தையும் பொறுத்து உரிமை வேறுபடும். ஆதலின், படையினர் ‘டிஸ்சார்ஜ் புத்தகம்’ எனும் விடுவிப்பு ஏடு உயிர்போன்றது. அஃது இழந்துபோயினும், படை எண்ணும் பிரிவும் தெரிந்தால் அப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுதிக் கேட்கலாம். இக்கடிதங்களை எழுதுதலும், உடன்சென்று வரிசையில் நிற்றலும் மாணவரால் எளிதில் செய்யக்கூடிய தொண்டாகும்.

எனினும், மறுப்பை மதித்தல் என்பது கைவிடுதல் அன்று. கடுங்காய்ச்சல், ஆறாத புண், தன்னையே மறந்த நிலை, உயிரை மாய்க்கும் பேச்சு ஆகியவை தோன்றின், காலந்தாழ்த்தாமல் மருத்துவ உதவியை நாடுதல் கடமை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், ஒவ்வொருவர்க்கும் தம் மருத்துவத்தைத் தாமே முடிவு செய்யும் ஆற்றல் உண்டெனக் கொள்கின்றது. அதுவே, மனநோயால் தம்மைப் பேண இயலாது திரிவாரைக் காவலர் தம் பாதுகாப்பில் ஏற்று, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும் என்றும், சிறைக்கொட்டடியில் அடைத்தலாகாது என்றும் விதிக்கின்றது. மனநலம் பற்றிய அறிவுரை வேண்டுவோர் 14416 என்னும் எண்ணை எந்நேரத்தும் அழைக்கலாம்.

அஸ்தினாபுரத்துப் பெரியவரைப் பற்றிச் சில சொல்லி முடிப்பாம். நாங்கள் வாரந்தோறும் சனிக்கிழமை மாலை தேநீர்க் கடைக்குச் செல்லலானோம். ஐந்தாம் வாரத்தில் அவர் தம் பெயரைச் சொன்னார். அதன்பின், வகுப்புத் தோழர் ஒருவரின் பெரியப்பாவாகிய ஓய்வுபெற்ற ஹவில்தார் எம்மோடு வந்தார். இருவரும் இந்தியிலும் தமிழிலுமாக நெடுநேரம் பேசினர், நாங்கள் வாய்திறந்திலோம். அடுத்த வாரம் அந்த ஹவில்தார் பழைய கம்பளியோடு கோடிட்ட குறிப்பேடு ஒன்றையும் கொணர்ந்தார். படையில் எப்பொருளும் கையொப்பம் பெற்றே வழங்கப்படும். “கம்பளி ஒன்று; பெற்றுக்கொண்டு ஒப்பமிடுக,” என்றார். பெரியவர் எழுந்து நின்றார், தம் படை எண்ணையும் பெயரையும் தெளிவாக எழுதி ஒப்பமிட்டார், கம்பளியைப் பெற்றுக்கொண்டார். கார்த்திகையில் அவர் எம்மிடம் திருப்பித் தந்த அதே கம்பளி அது.

அவர் இன்னும் நிழற்குடையிலேயே உறங்குகின்றார். ஆயினும், பையின் அடியில் நெகிழித்தாளில் சுற்றி வைத்திருந்த விடுவிப்பு ஏட்டைத் தாமே எடுத்துத் தந்தார். விண்ணப்பம் எழுதப்பட்டு அலுவலகம் சென்றுளது. அடுத்து வரும் மழைக்கு முன் அவர்க்குக் கதவுடைய ஓர் அறை வாய்க்க வேண்டும் என்பதே எம் வேண்டுதல். இக்கல்லூரியில் நம் பின் வருவோர் இத்தகையார் ஒருவரைத் தெருவோரத்தில் காண்பாராயின், கையில் கம்பளியுடன் செல்லுமுன் அவர் பெயரைக் கேட்டறிவாராக.